தராசு யார் கையில்?

2023 ஜூனில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குச் சில நாட்களே இருந்தபோது, அமைப்பாளர்களிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. டொயோட்டா காரின் குறைந்தபட்ச எடை 37 கிலோ கூடியது. ஃபெராரிக்கு 24, கேடிலாக்குக்கு 11, போர்ஷேவுக்கு வெறும் 3. லெ மான் முடியும்வரை தனித்தனி நிறுவனங்களின் அளவுகளைத் தொடுவதில்லை என்பதுதான் சீசன் தொடக்கத்தில் இருந்த ஏற்பாடு. 2018 முதல் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றிருந்த டொயோட்டா அந்த முறை இரண்டாவதாக வந்தது. உச்சப் பிரிவுக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பிய ஃபெராரி வென்றது.

பழியை முழுவதும் எடையின் மேல் போட்டுவிட முடியாது. பந்தயத்தின் இறுதிக் கட்டத்தில் டொயோட்டா ஆர்னாஜ் வளைவில் கட்டுப்பாடு இழந்து தடுப்பில் மோதியது. ஆனாலும் சந்தேகம் சந்தேகம்தான். யாராலும் நிரூபிக்க முடியாது, யாராலும் போக்கவும் முடியாது.

ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தை இன்று ஆட்டிவைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ‘பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ்’ என்று பெயர், சுருக்கமாக பிஓபி. வேகமான காருக்கு எடையைக் கூட்டுவார்கள், எஞ்சின் திறனைக் குறைப்பார்கள். பின்தங்கும் காருக்குச் சலுகை தருவார்கள். பிரான்ஸில் வேரூன்றிய உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப்பும் அமெரிக்காவின் இம்சா தொடரும் இதை நம்பித்தான் ஓடுகின்றன.

இது இல்லாத காலம் எப்படி இருந்தது? 1998-இல் எஃப்ஐஏ ஜிடி தொடரின் பத்துப் பந்தயங்களையும் மெர்சிடிஸே வென்றது. மற்றவர்கள் ஒதுங்கினார்கள், அடுத்த ஆண்டு ஜிடி1 பிரிவே இல்லை. பின்னாளில் உச்சப் பிரிவாக இருந்த, செலவு மிகுந்த எல்எம்பி1 ஹைபிரிட் பந்தயத்திலிருந்து 2016 முடிவில் ஆடி விலகியது, மறு ஆண்டு போர்ஷே விலகியது. அதில் மிஞ்சிய ஒரே பெரிய நிறுவனம் டொயோட்டா. எதிரி இல்லாத களத்தில் வாங்கிய கோப்பைகளை அந்த நிறுவனமே எவ்வளவு ரசித்திருக்கும் என்பது ஐயம்தான்.

மாற்று வழியை 2006-லேயே ஸ்டெஃபான் ராட்டெல் தன் ஜிடி3 தொடரில் காட்டியிருந்தார். முன்புற எஞ்சினோ பின்புற எஞ்சினோ, வி8-ஓ டர்போவோ, எதுவானாலும் கொண்டுவாருங்கள், சமப்படுத்துவது எங்கள் வேலை என்றார். உலகெங்கும் ஜிடி3 பரவியது. அதே யோசனை பிறகு உச்சப் பிரிவுக்கும் ஏறியது. லெ மானை நடத்தும் ஏசிஓவும் இம்சாவும் 2020 ஜனவரியில் கைகோத்தன. முழுக்கத் தாமே காரைக் கட்டும் நிறுவனங்களுக்கு எல்எம்ஹெச் விதி. டல்லாரா, ஓரேகா, மல்டிமேட்டிக், லிஜியர் ஆகிய நால்வரில் ஒருவரிடம் அடிச்சட்டம் வாங்கி, பொதுவான ஹைபிரிட் கருவியைப் பொருத்துபவர்களுக்கு எல்எம்டிஹெச் விதி. இரண்டும் ஒரே களத்தில் மோதலாம். பலன் கண்முன்னே தெரிந்தது. லெ மானில் 2023-இல் ‘ஹைபர்கார்’ எனப்படும் உச்சப் பிரிவில் 16 கார்கள் ஓடின. அடுத்த ஆண்டு 23. பிஓபி இல்லாமல் இந்தக் கூட்டம் சேர்ந்திருக்காது.

அமெரிக்காவில் இந்தச் சமாதானம் எளிதில் வரவில்லை. 1999-இல் டான் பனோஸ் தொடங்கிய அமெரிக்கன் லெ மான் சீரிஸ் ஒருபுறம், நாஸ்கார் குடும்பத்தின் ஆதரவு பெற்ற கிராண்ட்-ஆம் மறுபுறம். முன்னதில் ஐரோப்பிய பாணி கார்பன் ஃபைபர் கார்கள். பின்னதில் இரும்புக் குழாய்களால் கட்டிய, செலவு குறைந்த டேடோனா புரோட்டோடைப்கள். 2014-இல் இரண்டும் இணைந்தபோது, இந்த இருவகைக் கார்களையும் ஒரே பிரிவில் தள்ளினார்கள். 2014 முதல் 2016 வரை மூன்று பட்டமும் டேடோனா புரோட்டோடைப்புக்கே போயின. இயல்பிலேயே வேறான இயந்திரங்களைச் சமப்படுத்தினால் சமத்துவத்தைவிடப் புகார்தான் அதிகம் பிறக்கும் என்பதற்கு அந்த மூன்று சீசன்களே சாட்சி.

முறையின் இன்னொரு கோளாறு, அது பதுங்குபவருக்குப் பரிசு தருவது. சோதனை ஓட்டத்தில் மெதுவாக ஓடினால் சலுகை கிடைக்கும். பந்தயத்தில் முழு வேகத்தைக் காட்டலாம். 2016 லெ மானில் தகுதிச் சுற்று முடிந்த பிறகு ஃபோர்டு ஜிடி காரின் டர்போ அழுத்தத்தைக் குறைத்து, 10 கிலோ எடையும் ஏற்றினார்கள். அப்படியும் பிரிவை ஃபோர்டே வென்றது. அதுவும் 1966 வெற்றியின் ஐம்பதாம் ஆண்டில். தகுதிச் சுற்றுக்கு முன்புவரை ஃபோர்டு முழுத் திறனைக் காட்டவில்லை என்று போட்டியாளர்கள் முணுமுணுத்ததில் வியப்பில்லை.

ஒரே கார் இரு தராசுகளில் ஏறுவதையும் பார்க்கலாம். போர்ஷே 963 டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தை 2024-லும் 2025-லும் வென்றது. லெ மானில் 2023 முதல் மூன்று ஆண்டுகளும் ஃபெராரியே வென்றது. 2025-இல் போர்ஷே இரண்டாம் இடத்தோடு திரும்பியது. தடங்கள் வேறு, எதிரிகள் வேறு, அதிர்ஷ்டமும் உண்டு. ஆனால் அளவுப் பட்டியலும் வேறு என்பதால், வித்தியாசத்தில் எது பொறியாளரின் பங்கு, எது அதிகாரியின் பங்கு என்று ரசிகரால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

ஒரே பந்தயத்தில் பல பிரிவுகள் தனித்தனியே போட்டியிடும் கணக்கு தமிழ் வாசகருக்கு இப்போது புதிதல்ல. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி பெற்ற மூன்றாமிடம் அதன் பிரிவுக்குள் பெற்றது. ஒரே தடத்தில் பல பந்தயங்கள் நடக்கும் விளையாட்டு இது. தெரியாமல் பார்த்தால் யார் யாரை முந்துகிறார் என்பதே புரியாது.

சமப்படுத்துவதை மன்னிக்கலாம், அதைச் சுற்றியுள்ள மௌனத்தை மன்னிக்க முடியாது. பிஓபி பற்றிப் பகிரங்கமாகக் கருத்துச் சொல்லி அழுத்தம் கொடுக்க உலகத் தொடரின் விதிகள் அணிகளுக்குத் தடை போடுகின்றன. கோடிகளைக் கொட்டும் நிறுவனத்தின் ஓட்டுநர், தோற்றதற்கான காரணத்தைக் கேட்டால் சிரித்து மழுப்புகிறார். ஃபெராரியின் மூன்று லெ மான் வெற்றிகளில் படிந்த ஐயத்துக்குப் பெரும் பொறுப்பு இந்தத் தடையுடையதே. பிஓபி இருக்கட்டும். வாய்ப்பூட்டை முதலில் நீக்க வேண்டும். பந்தயம் முடிந்ததும் அளவுகளுக்கு அடிப்படையான தரவுகளை வெளியிட வேண்டும். லெ மானுக்கு முந்தைய வாரத்தில் எந்த எண்ணையும் தொடக்கூடாது.