பாட்டுக்கு நதிமூலம் பார்க்கலாமா?

ரிஷிமூலமும் நதிமூலமும் விசாரிக்கலாகாது என்று நம் பெரியோர் சொல்லிவைத்தார்கள். மேல்நாட்டு ராக் சங்கீதத்தில் ஈடுபட்ட ரசிகர்களோ, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக இந்த விலக்கை மீறுவதையே தங்கள் ரசனையின் தலையாய இன்பமாகக் கொண்டிருக்கிறார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ், கிரீம், லெட் ஸெப்பெலின் என்ற குழுக்களின் தட்டொன்றைக் கேட்டு மயங்கியவன், அதன் உறையில் சிற்றெழுத்தில் அச்சிட்டிருக்கும் பாட்டாசிரியர் பெயரைப் பிடித்துக்கொண்டு, சிக்காகோ நகரத்து மட்டி வாட்டர்ஸையும் ஹௌலிங் வுல்ஃபையும் கடந்து, ராபர்ட் ஜான்சன் வரையில் படிப்படியாகப் பின்னோக்கிச் சென்று, முடிவில் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்தித் தோட்டமொன்றின் எல்லையில் வந்து நிற்கிறான். இலங்கையின் ஊவா மாகாணத்துப் பசறையிலோ மடுல்சீமையிலோ மொனராகலையிலோ பிறந்து வளர்ந்த ஒருவருக்கு, இந்தப் பிரயாணம் ஒரு தோட்டத்தில் போய் முடிகிறது என்பது வெறும் பூகோளச் செய்தியாக இருக்க முடியாது. ஆகையால் இப்பழக்கத்தின் நயத்தையும் குறையையும் ஊவாவிலிருந்தபடியே நிறுத்துப் பார்ப்பது பொருத்தமுடையது.

ப்ளூஸ் அமைப்பில் மிக எளியது. பன்னிரண்டு தாள அளவுகளுக்குள் மூன்றே சுரக்கூட்டுக்களை மாற்றி வாசித்து, முதலடியைப் பாடி, அதையே திரும்பவும் பாடி, மூன்றாமடியில் விடையோ முடிவோ சொல்லுவது அதன் பெருவழக்கு. பாடுகிறவன் மூச்சு விடும் இடத்தில் கிதார் மறுமொழி கூறும். காந்தாரமும் நிஷாதமும் பியானோவின் கட்டைகளுக்குள் அடங்காமல், சற்றே தாழ்ந்தும் வழுக்கியும் நிற்கும். குப்பியின் கழுத்தை விரலில் மாட்டித் தந்திகளின்மேல் இழுத்து எழுப்பும் அந்த நாதம், கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய செவிக்கு அந்நியமாகத் தோன்றாது.

ராக் குழுக்கள் இந்தச் சங்கீதத்துக்குச் செய்த உபகாரத்தை மறைப்பது நியாயமன்று. கறுப்பின மக்களிலேயே கோயிலும் குடும்ப கௌரவமும் பேணியவர்கள் ப்ளூஸைச் சாத்தானின் பாட்டென்று ஒதுக்கினார்கள். சன் ஹவுஸ் போன்ற மகா பாடகர் பிரசங்க மேடைக்கும் மதுச்சாலைக்கும் இடையே ஆயுள் முழுதும் அலைப்புண்டார். வெள்ளையர் நடத்திய வானொலிகளில் பெரும்பாலானவையோ அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட பாட்டை, 1962இல் மட்டி வாட்டர்ஸின் பாடலொன்றிலிருந்து தங்கள் பெயரை எடுத்துக்கொண்ட ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் லண்டன் இளைஞர்கள், இரண்டே ஆண்டுகளில் இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் ஹௌலிங் வுல்ஃபும் பாடவேண்டுமென்று வற்புறுத்தி, அந்த ஆஜானுபாகு பாடும்போது அவர் காலடியில் அமர்ந்து கேட்டார்கள். 1928இல் தட்டுப் பதிந்துவிட்டு ஊருக்குத் திரும்பி உழவில் மறைந்துபோன மிசிசிப்பி ஜான் ஹர்ட்டை, அவருடைய பாட்டொன்றில் வரும் ஊர்ப்பெயரையே துப்பாகக் கொண்டு 1963இல் ஓர் இளைஞர் தேடிப் பிடித்தது அதே காலத்து உற்சாகத்தின் விளைவு. ஸ்கிப் ஜேம்ஸின் பாட்டொன்றைக் கிரீம் குழு 1966இல் தன் முதல் தட்டில் அவர் பெயரிட்டே வெளியிட்டதனால், புற்றுநோயால் வருந்திய அந்த முதியவர் உரிமைப் பணம் காண நேர்ந்தது. கௌரவம் வெளியிலிருந்து வந்தது என்பது கசப்பான செய்தி; ஆயினும் வந்தது.

இனிக் குறைகளைப் பார்ப்போம். பெயர்போடாமல் எடுத்துக்கொண்டது முதற்குறை. வில்லி டிக்சன் எழுதி, மட்டி வாட்டர்ஸ் 1962இல் பாடிய ஒரு பாட்டின் சொற்களே லெட் ஸெப்பெலினின் 1969ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற பாட்டில் வேறு பெயரில் உலவின. டிக்சன் வழக்குத் தொடுத்து, 1987இல்தான் சமாதானம் ஏற்பட்டது. ஆனால் களவு நீதிமன்றத்தில் தீரக்கூடியது; அர்த்தம் கெடுவது அப்படித் தீரக்கூடியதன்று. ராபர்ட் ஜான்சன் 1936இல் டெக்ஸாஸ் மாநிலத்து ஹோட்டல் அறையொன்றில் பதிந்த நாற்சந்திப் பாட்டை எடுத்துக்கொள்வோம். நாற்சந்தியில் நின்று வண்டிகளை மறித்தும் யாரும் ஏற்றிக்கொள்ளாத ஒருவன், பொழுது சாய்வதைக் கண்டு கலங்குகிறான்; அறியாத ஊரில் இருட்டிய பின் அகப்பட்ட கறுப்பனுக்கு அந்நாளைய தென்மாநிலங்களில் நேரக்கூடியது என்ன என்று அறிந்தவருக்கு, அந்த அஸ்தமனம் வெறும் வர்ணனையாக ஒலிக்காது. கிரீம் குழுவின் எரிக் கிளாப்டன் 1968இல் இதைப் பாடியபோது, பொழுது சாயும் அடிகள் விடுபட்டன; ஜான்சனின் வேறொரு பாட்டிலிருந்து காதலியுடன் ஊர் போகும் உல்லாச அடிகள் அந்த இடத்தில் வந்து அமர்ந்தன. கிதார் வாசிப்பு அபாரமானது. அதை மறுப்பவர் செவிப்புலன் அற்றவர். எனினும் பயம் போய் வேகம் வந்துவிட்டது. அக்காலத்துக் குழுக்களில் பீட்டர் கிரீன் நடத்திய தொடக்ககால ஃப்ளீட்வுட் மக் ஒன்றையே நான் விதிவிலக்காகக் கருதுவேன். பாடகன் விட்ட மௌனத்தை நிரப்பாமல் வைத்திருக்கத் தெரிந்தவர் அவர்.

இதனினும் பெரிய குறை, பெண்கள் மறைந்துபோவது. ப்ளூஸ் தட்டு வியாபாரத்தைத் தொடக்கிவைத்தவரே 1920இல் மேமி ஸ்மித் என்ற பெண்மணி; அவரையடுத்து மா ரெய்னியும் பெஸ்ஸி ஸ்மித்தும் அடைந்த கீர்த்திக்கு எந்தக் கிதார்க்காரரும் அன்று ஈடாகவில்லை. கிதாரை வழிகாட்டியாகக் கொண்டு பின்னோக்கிச் செல்லும் ரசிகன், போகும் வழியெல்லாம் கிதார் பிடித்த தனி ஆண்களையே காண்கிறான். மெம்ஃபிஸ் மின்னியின் அணைக்கட்டுப் பாட்டு, 1927இல் மிசிசிப்பி பெருக்கெடுத்தபோது கறுப்பினத் தொழிலாளர் பட்ட பாட்டை நினைந்து 1929இல் பதிவானது. அதில் கிதார் வாசித்தவர்களுள் ஒருவர் அந்தப் பெண்ணே. 1971இல் லெட் ஸெப்பெலின் அவர் பெயரை முறையாக அச்சிட்டுத்தான் பாடிற்று. ஆனால் இன்று அந்தப் பாட்டைச் சொன்னவுடன் ரசிகர் நினைவில் எழுவது டிரம் முழக்கமே.

இப்போது ஊவாவுக்கு வருவோம். துண்டு என்ற கடன்சீட்டு ஆளையே தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய அந்த முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. பயிர்ப் பங்குக் கணக்கில் ஆண்டுதோறும் கடன்பட்டே நின்ற மிசிசிப்பிக் குடியானவனுடைய நிலைமை இதனின்று வெகுதூரம் விலகியதன்று. தப்பொலியில் விடிந்து, பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, கொழுந்து மலையில் நிரைபிடித்து நின்றவர்கள் தெம்மாங்கும், தாலாட்டும், ஒப்பாரியும், காமன் கூத்தில் ரதியின் புலம்பலும் பாடினார்கள். வித்தியாசமும் உண்டு: ப்ளூஸ் ஒருவன் தன்னைப்பற்றிப் பாடுவது, நம்முடையது பெரும்பாலும் நிரைக்கும் லயக் குடியிருப்புக்கும் பொதுவானது. (பசறையிலிருந்து கீழிறங்கி மொனராகலையின் ரப்பர் தோட்டங்களை அடைந்தால், விடியற்காலையில் தத்தம் மரத்தொகுதியில் தனியே நின்று பால் வெட்டுகிறவருக்குக் கூட்டுப்பாட்டு வாய்க்காது என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும்.)

ஆனால் இரண்டின் கதியையும் வேறாக்கியது வேறொன்று. அமெரிக்கத் தட்டுக் கம்பெனிகள், தர்மசிந்தையால் அல்ல, கறுப்பின மக்களும் காசு கொடுத்து வாங்குவார்கள் என்ற லாபநோக்கால் அவர்கள் பாட்டைப் பதிந்தன. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்த பின்னும் நாட்கூலி சதங்களிலேயே எண்ணப்பட்ட நம் தோட்டங்களில் அத்தகைய சந்தை எழவில்லை; தமிழ்த் தட்டுக்களில் நாடகப் பாட்டும் கீர்த்தனமும் கோலோச்சின. லயத்துப் பாட்டைக் காத்தவர்கள் எழுத்தாளர்களே. தோட்டத் தொழிலாளர் தலைவர் நடேசய்யருடன் தொழிற்சங்க மேடைகளில் பாடிக் கூட்டம் சேர்த்த மீனாட்சி அம்மை தம் பாடல்களை 1940இல் சிறு நூலாக்கினார், பின்னாளில் சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டிப் பதிப்பித்தார். இவர்கள் யாரிடமிருந்தும் எதையும் திருடவில்லை, எதையும் அலங்கரித்துக் கெடுக்கவுமில்லை. இருந்தும் ஏட்டில் சொல் நிற்கிறதேயன்றி, இழுப்பும் விம்மலும் தப்பின் அடியும் நிற்கவில்லை. கிளாப்டன் பாட்டை மாற்றிவிட்டார் என்று நான் குற்றஞ்சாட்ட முடிவதே, ஜான்சனின் தட்டு கையில் இருப்பதனால் அல்லவா? ஆகவே ராக் குழுக்களின் வழியே மூலத்தைத் தேடும் பழக்கம் நல்லதொரு நுழைவாயில் என்பதும், குழு எப்படிப்பட்டதாயினும் மூலத்தின் ஒலி எங்கேனும் பதிவாகியிருந்தாலொழிய அந்த வாயில் எங்கும் இட்டுச்செல்லாது என்பதும் என் அபிப்பிராயம்.

அப்படிப் பதிவதிலும் நேர்மை வேண்டும். 1941இல் ஸ்டோவல் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மட்டி வாட்டர்ஸின் குரலை முதன்முதல் பதிந்த புகழ் நெடுங்காலம் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் ஒருவருக்கே உரியதாயிற்று. உடனிருந்து உழைத்த கறுப்பினப் பேராசிரியர் ஜான் வொர்க்கின் கையெழுத்துப் படி தொலைந்து கிடந்து, 2005இல்தான் நூலாக வெளிவந்தது. பதுளை மாவட்டத்தில் ஒப்பாரி தெரிந்த கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். பதியும் கருவியோ இன்று ஒவ்வொரு பேரனின் சட்டைப்பையிலும் இருக்கிறது. அவன் பாட்டியின் சம்மதத்தோடு பதிந்து, பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன், இன்ன சாவுக்கு இன்ன உறவில் பாடப்பட்டது என்பவற்றையும் கூடவே எழுதிவைக்கட்டும். வைக்காவிடில், நாளைக்கு யாரோ ஒரு சினிமா இசையமைப்பாளர் அதை எடுத்தாளும்போது ‘நாட்டுப்புற மெட்டு’ என்ற இரண்டே வார்த்தைகளில் கணக்கைத் தீர்த்துவிடுவார், அவரை மறுத்துப் பேச நம்மிடம் அத்தாட்சி எதுவும் இராது.