பிழைப் பட்டியலில் ஏறாத பிழை

ஆங்கிலம் கற்கும் சீனர்களின் பிழைகளைத் தொகுத்துத் தரும் நூல்கள் பெரும்பாலும் ஓர் அடிப்படையில் நிற்கின்றன: சீனத்தில் எது இல்லையோ அங்கே மாணவர் தவறுகிறார். தாய்மொழியையும் கற்கும் மொழியையும் ஒப்பிட 1957இல் மொழியியலாளர் ராபர்ட் லாடோ வகுத்த முறையின் வழிவந்த பார்வை இது. மாண்டரினில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது. 'எ', 'தி' போன்ற சொற்கள் கிடையாது. 'ஆல்தோ'வுக்குப் பின் 'பட்' சேர்ப்பதும் சீன வாக்கிய அமைப்பின் தடமே. அவன், அவள் இரண்டும் பேச்சில் ஒரே ஒலி. 'ஹி', 'ஷி' தடுமாற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை.

ஆனால் 'இல்லாத இடத்தில் தவறு' என்பதைப் பொதுவிதியாக ஏற்க முடியாது. டோனா லார்டியர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஹொக்கியன், மாண்டரின் ஆகிய இரு சீன மொழிகளும் அறிந்த ஒரு பெண்ணின் ஆங்கிலப் பேச்சை ஆராய்ந்தார். அமெரிக்காவில் பல ஆண்டுகள் ஆங்கிலத்தில் புழங்கியவர் அவர். இறந்தகாலம் வர வேண்டிய இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் அதற்குரிய வினை உருவம் வந்தது. 'ஹி', 'ஹிம்' வேறுபாட்டிலோ அவர் தவறவே இல்லை. சீனத்தில் வினைக்கும் கால உருவம் இல்லை, பெயருக்கும் வேற்றுமை உருவம் இல்லை. இல்லாமைதான் காரணமென்றால் இரண்டிலும் அவர் சறுக்கியிருக்க வேண்டும். சொல்லின் முடிவில் மெய்கள் அடுத்தடுத்து வருவது சீனத்துக்குப் பழக்கமில்லை என்பதையும் எண்ண வேண்டும். 'வாக்ட்' என்பது 'வாக்' என்று ஒலிக்கும்போது இலக்கணம் தெரியவில்லையா, நா வரவில்லையா? பிழைப் பட்டியல் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

அதைவிடப் பெரிய குறையை ஜாக்குலின் ஷாக்டர் 1974இலேயே காட்டிவிட்டார். 'ஹூ', 'விச்' கொண்டு பெயரை விரிக்கும் தொடர்களை மாணவர் கட்டுரைகளில் அவர் எண்ணினார். பாரசீக மாணவர்கள் 174 எழுதி 43இல் தவறினர். சீன மாணவர்கள் 76 எழுதி 9இல் மட்டும் தவறினர். பிழையை மட்டும் எண்ணினால் சீனரே தேர்ந்தவர்கள். ஆனால் அவர்கள் எழுதியதே பாதிக்கும் குறைவு. பாரசீகத்தில் அத்தொடர் ஆங்கிலத்தைப் போலப் பெயருக்குப் பின்னால் வரும். சீனத்தில் நம் 'நேற்று வந்த பையன்' போல முன்னால் வரும். வரிசை முழுவதும் தலைகீழாவதால் அவர்கள் அந்த அமைப்பையே தவிர்த்தார்கள் என்றார் ஷாக்டர். தெரிந்த ஒன்றைத்தானே தவிர்க்க முடியும், அவர்களுக்கு அது தெரிந்திருந்ததா என்ற எதிர்வாதம் நியாயமானது. தெரியாமல் விட்டிருந்தாலும் பட்டியலின் குறை குறையாது; அறியாமையும் அதன் கண்ணில் படவில்லை என்றே ஆகும்.

ஆகவே தாய்மொழியின் செல்வாக்கை மறுக்க இடமில்லை. பிழைப் பட்டியலை நோயறியும் கருவியாக ஏற்கவும் இடமில்லை. ஆசிரியர் வகுப்புக்குள் நுழையுமுன் புரட்டிப் பார்க்க அது போதும். மாணவரை மதிப்பிட, அவர் எந்தெந்த அமைப்புகளை எத்தனை முறை முயன்றார் என்ற கணக்கும் வேண்டும். பிழைக்கு மட்டும் மதிப்பெண் குறைக்கும் தேர்வு, குட்டைக் குட்டையாக எழுதித் தப்பித்தவரை உயர்த்தி, நீண்ட வாக்கியத்துக்குத் துணிந்தவரைத் தண்டிக்கிறது. அந்த முறையைக் கைவிட வேண்டும்.