உப்புக்காற்றில் காந்த உணரி

காந்த நிலை உணரி, இயந்திரத்தின் அசையும் உறுப்பு எங்கே நிற்கிறது என்பதைத் தொடாமலே அறிந்து சொல்லும் சிறு கருவி. பொட்டலம் கட்டும் இயந்திரங்களின் காற்றழுத்த சிலிண்டர்களில் இதை அதிகம் பார்க்கலாம். பிஸ்டனைச் சுற்றி ஒரு காந்த வளையம். சிலிண்டரின் வெளிப்புறக் காடியில் உணரி. அலுமினியச் சுவர் காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை. பிஸ்டன் நேராக வந்ததும் உணரியில் சிறு விளக்கு எரியும், இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் பிஎல்சிக்குத் தகவல் போய்விடும்.

மலிவான வகை ரீடு சுவிட்ச். 1936இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கியது. கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். காந்தம் நெருங்கினால் அவை சேரும், விலகினால் பிரியும். இரண்டே வயர் என்பதால் மாட்டுவது சுலபம். ஆனால் சோலினாய்டு போன்ற சுமையைப் பாதுகாப்பில்லாமல் நேராகக் கொடுத்தால் தீப்பொறியில் முனைகள் கருகும், சில வேளை ஒட்டியே போகும். காற்றை அடைத்துவிட்டு பிஸ்டனைக் கையால் மெல்ல இழுத்தால் இன்னொரு குறையும் தெரியலாம்: ஒரே கடப்பில் விளக்கு இரண்டு தடவை எரிந்து அணையும். காந்தத்தின் பக்கப்புலம் செய்யும் வேலை அது.

ஹால் வகையில் இந்தத் தொல்லை குறைவு. மின்னோட்டம் பாயும் கடத்தியில் குறுக்கே காந்தப்புலம் விழுந்தால் பக்கவாட்டில் சிறு மின்னழுத்தம் தோன்றும் என்று எட்வின் ஹால் 1879இல் கண்டதே இதன் அடிப்படை. அசையும் பாகம் இல்லாததால் தேய்மானமும் இல்லை. பெரும்பாலும் மூன்று வயர்; என்பிஎன், பிஎன்பி என்ற வெளியீட்டு வகை வேறுபாட்டைப் பார்க்காமல் வாங்கினால் பிஎல்சி ஏற்காது.

இந்த உணரிகள் கடலோரத்தில் எப்படித் தாங்கும்? ஏர்வாடிக்குப் பக்கத்துக் கடலோர ஊரான வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் இருக்கிறது. இந்தக் கரையில் எந்தக் கருவிக்கும் உண்மையான பரீட்சை உப்புதான். ஒளி உணரியின் கண்ணாடியில் உப்புத்தூள் படிந்தால் பார்வை போய்விடும். காந்தப்புலத்துக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை. இரும்புத்தூளும், ஒட்டி நிற்கும் இரும்புத் தாங்கியும்தான் அதன் கணக்கைக் குழப்பும்.

உப்பு தாக்குவது உணரியை அல்ல, அதன் இணைப்பை. ஐபி67 என்ற பாதுகாப்புத் தரம், தூசி புகாது, 1 மீட்டர் நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதற்கான சான்று மட்டுமே. அரிப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கனெக்டரைச் சரியாக முறுக்காவிட்டால் அந்தச் சான்றும் செல்லாது. முனை கருகுவதும் தேய்மானமும் இல்லாததால் கடலோர ஆலைக்கு ஹால் வகையே ஏற்றது. அதிலும் கேபிள் உடலோடு வார்க்கப்பட்டதாக வாங்கி, இணைப்பை மூடிய பேனலுக்குள் வைப்பது நல்லது. பிடிப்புத் திருகு துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.