கண்மாய்க் கரையில் ஓர் இறையியல்: சோ. தர்மனின் 'சூல்' நாவலை முன்வைத்து

ஆண்டுதோறும் ஜூன் திங்களில் நமது சபைகள் பலவற்றில் சுற்றுச்சூழல் ஞாயிறு ஆசரிக்கப்படுகிறது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் வாசிக்கப்படும். உக்கிராணத்துவத்தைக் குறித்து மறையுரை நிகழும். ஆராதனை முடிந்தபின் ஆலய வளாகத்தில் ஒரு மரக்கன்று நடப்படும். கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்திலும் இதே முறைதான். இந்நிலத்திற்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது. வைகாசி வெயிலில், வெடித்துக் கிடக்கும் மண்ணில் ஊன்றப்படும் கன்று எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்பதை அவ்வூர் உழவர் எவரும் சொல்லிவிடுவர். எவரும் அவரைக் கேட்பதில்லை.

இச்சிறு பிழையைப் பெரிதுபடுத்துவது நமது நோக்கமன்று. படைப்பைப் பேணுதல் குறித்த நமது பேச்சு, நாம் நிற்கும் மண்ணை அறியாமலே நடைபெறுகிறதோ என்ற ஐயத்தை அது எழுப்புகிறது. 1967-இல் லின் ஒயிட் கிறிஸ்தவத்தின்மீது சுமத்திய குற்றச்சாட்டும், அதற்கு இறையியலார் அளித்த மறுமொழிகளும், 1983-இல் உலகத் திருச்சபைகளின் மன்றம் வான்கூவரில் தொடங்கிவைத்த சிந்தனையும் நமது வகுப்பறைகளில் கற்பிக்கப்படுகின்றன. அவை தேவையானவையே. ஆயினும் கரிசலின் நீரையும் மண்ணையும் கற்பிக்கக்கூடிய நூலொன்று கோவில்பட்டிப் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை நாம் இன்னும் இறையியல் நூலாக வாசிக்கவில்லை.

சோ. தர்மனின் 'சூல்' 2016-இல் வெளிவந்தது; 2019-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. ஆசிரியரின் சொந்த ஊராகிய உருளைக்குடியே கதைக்களம். அவ்வூர்க் கண்மாயே கதைத்தலைமை எனல் தகும். எட்டயபுரம் ஜமீன் காலத்தில் ஊரார் அதனைப் பேணியதும், விடுதலைக்குப் பின் அது சீரழிந்ததும் நாவலின் பொருள். நீர் நிரம்பிய கண்மாயைச் சூல்கொண்ட தாயாகக் காணும் மக்களின் பார்வை தலைப்பிலேயே அமைந்துள்ளது. படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் தவிப்பதாக ரோமருக்கு எழுதிய நிருபத்தின் எட்டாம் அதிகாரம் கூறுவதை அறிந்த வாசகருக்கு இத்தலைப்பு அந்நியமாகத் தோன்றாது.

நாவல் காட்டும் கண்மாய் வாழ்வின் உள்ளியக்கத்தை நாம் நின்று கவனிக்க வேண்டும். கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரார் வண்டி கட்டி அதன் வண்டலை அள்ளிச் சென்று தத்தம் நிலங்களில் இடுவர். இக்கரம்பை நிலத்திற்கு உரமாயிற்று. அள்ளப்பட்ட இடம் அடுத்த மழைக்கு ஆழமாயிற்று. எவரும் சுற்றுச்சூழலைக் காப்பதாக எண்ணி இதைச் செய்யவில்லை. நிலத்திற்கு உரம் வேண்டியிருந்தது. ஆகவே கண்மாய் தூர்ந்துபோகாமல் இருந்தது. உரம் மூட்டையில் வரத் தொடங்கியபின் கரம்பையை நாடுவோர் குறைந்தனர். கண்மாயின் பொறுப்பும் கைமாறியது: நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உடையவை பொதுப்பணித் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் சென்றன. தூர்ந்த படுகையில் சீமைக்கருவேலம் குடியேறிற்று. பேராசை ஒன்றையே எல்லாச் சீரழிவுக்கும் காரணமாகக் கூறி முடித்துவிடும் நமது மறையுரைகள், வேலையும் தேவையும் பிணைந்திருந்த ஒரு கட்டு அவிழ்ந்ததால் நேர்ந்த இவ்வழிவைக் காணத் தவறுகின்றன.

இங்குதான் உக்கிராணத்துவம் என்ற சொல் நம்மை இடர்ப்படுத்துகிறது. உக்கிராணக்காரன் எஜமானுடைய பண்டகசாலையின் சாவியை வைத்திருப்பவன், கணக்கு ஒப்புவிப்பவன். லூக்கா பதினாறாம் அதிகாரத்தில் வரும் அவன் மண்வெட்டி பிடிக்கத் தன்னால் இயலாதென்று தானே சொல்லிக்கொள்கிறான்! கரிசலில் இதற்கு மாறான ஒரு பொறுப்பாளர் இருந்தார்: நீர்ப்பாய்ச்சி. மடையைத் திறந்து அடைப்பதும், கடைமடை வயலுக்கும் முறை தவறாமல் நீர் சேர்ப்பதும், மழையிரவில் கரை உடையாமல் காப்பதும் அவர் கடமை. ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஆதாமுக்கு இடப்பட்ட கட்டளையில் நிலத்தைப் பண்படுத்துதலைக் குறிக்கும் எபிரெயச் சொல்லாகிய 'ஆபாத்' பணிவிடை செய்தல் என்றும் பொருள்படும். அடிமையைக் குறிக்கும் சொல்லும் அவ்வேரிலிருந்தே பிறந்தது. மண்ணுக்குப் பணிவிடை செய்து அதைக் காப்பவன் என்ற இவ்வுருவுக்கு நீர்ப்பாய்ச்சியே அண்மையில் நிற்கிறார்.

ஆனால் இவ்வுருவை நாம் எளிதில் எடுத்தாள இயலாது. தென் மாவட்ட ஊர்கள் பலவற்றில் நீர்ப்பாய்ச்சிகளாக இருந்தோர், 2021 முதல் தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயரால் சட்டம் அறிந்துள்ள மக்களே. எல்லாருடைய வயலுக்கும் நீர் பகிர்ந்தளித்த கைகள் ஊர்க் கிணற்றைத் தொடலாகாது என்ற விலக்கும் அவ்வூர்களில் இருந்தது. குடிமராமத்தும் முழுக்க விருப்பப் பணி அன்று. 1858-ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அதனைத் தண்டனையோடு பிணைத்தது. 'சூல்' பழைய ஒழுங்கின்மீது கொண்ட பரிவு மிகுதியானது. ஜமீன் காலத்து ஊரின் இசைவை நாவல் விரித்துரைக்கும் பக்கங்களில், அவ்விசைவின் சுமை யார் தோளில் இருந்தது என்ற வினா பின்னுக்குத் தள்ளப்படுகிறது. விடுதலைக்குப் பிந்திய பகுதி விரைந்து செல்கிறது. அங்கே கதைசொல்லி ஒதுங்கி, குற்றஞ்சாட்டுபவர் முன்வருகிறார். இவை கலைக்குறைகள் என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் பறவை, மீன், மரம், பேய், தெய்வம் யாவும் மனிதரோடு ஒரே ஊரில் குடியிருக்கும் அதன் விரிந்த உலகம் இக்குறைகளால் சிறுத்துவிடவில்லை.

சீமைக்கருவேலத்தைப் பற்றியும் ஒரு சொல். 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனை அகற்ற ஆணையிட்டபோது சபையாரும் அதில் ஆர்வத்தோடு ஈடுபட்டனர். அம்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைகள் விளாத்திகுளம் பக்கத்தில் உண்டு என்பதை அவ்வேளை நினைத்தவர் சிலரே.

1854-இல் ராக்லாந்து ஐயரும் அவருடைய தோழரும் கூடாரங்களோடு வட திருநெல்வேலியின் இவ்வறண்ட ஊர்களில் சுற்றத் தொடங்கியது முதல் நற்செய்தி இங்கே அறிவிக்கப்பட்டு வருகிறது. அறுப்பின் பண்டிகையில் கம்பும் உளுந்தும் மிளகாயும் பருத்தியும் பீடத்தின்முன் படைக்கப்பட்டு ஏலம் விடப்படுகின்றன. அக்காணிக்கையை விளைவித்த ஊரின் கண்மாய் தூர்ந்திருக்கிறதா, அதன் வரத்துக்கால் ஆக்கிரமிக்கப்பட்டிருக்கிறதா, ஆக்கிரமித்தவருள் சபையாரும் உண்டா என்று விசாரிக்கும் வழக்கம் நமது சேகரக் கமிட்டிகளில் இல்லை. 2017-இல் அரசு குடிமராமத்தைப் புதுப்பித்தபோதும் அவ்விசாரணையை நாம் தொடங்கவில்லை.

ஈசாக்கு தன் தகப்பன் காலத்தில் வெட்டப்பட்டுப் பின்பு மண்ணால் தூர்க்கப்பட்ட துரவுகளை மறுபடியும் தோண்டினான் என்று ஆதியாகமத்தின் இருபத்தாறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவன் ஆட்கள் புதிதாகத் தோண்டிய முதல் துரவில் வாக்குவாதம் எழுந்தது, இரண்டாவதிலும் எழுந்தது. மூன்றாவதில்தான் இருதரப்பாருக்கும் இடமிருந்தது. 'சூல்' நாவலோடு இவ்வதிகாரத்தையும் சேர்த்து வாசித்துவிட்டு, நமது மாணவர்கள் தம் களப்பணிக்காலத்தில் ஒரு கண்மாயின் கரைமேல், கலிங்கிலிருந்து கடைமடை வரை, அவ்வூர் முதியவர் ஒருவரோடு நடந்து வருவார்களாக. ஐப்பசி பிறப்பதற்குமுன் அதைச் செய்வது நலம். மழை இறங்கிவிட்டால் கரிசலில் கால் வைக்க இயலாது.