எஸ்கியூலைட்: பூட்டைக் குறை சொல்வதற்கு முன்

எஸ்கியூலைட்டோடு மல்லுக்கட்டும் நிரலாளர்களிடம் அதன் பெரிய குறை எது என்று கேட்டால், ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ என்ற பிழைச் செய்தியைத்தான் முதலில் சொல்வார்கள். வேலை நடுவில் நிற்கிறது, செயலி விழுகிறது, பழி தரவுத்தளத்தின் மேல் விழுகிறது. என் மதிப்பீடு வேறு. இந்தச் சிறிய தரவுத்தளம் நம்மிடம் மிக நேர்மையாக நடந்துகொள்வது அந்தச் செய்தியைக் காட்டும் நேரத்தில்தான். எழுத முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. தரவு எதுவும் கெடுவதில்லை. விமர்சனம் சேர வேண்டிய இடங்கள், அது எதுவும் சொல்லாமல் தலையாட்டும் இடங்கள். தவறான மதிப்பை வாங்கி வைத்துக்கொள்கிறது, இல்லாத உறவை ஏற்கிறது, தமிழ்ச் சொல்லைத் தேடினால் வேறு சொல்லைக் கொண்டுவந்து தருகிறது. எங்கும் ஒரு பிழைச் செய்திகூட வராது.

ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டு இதை எழுதத் தொடங்கியதற்குக் காரணமே சர்வரின் தொல்லைதான். அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். தரவுத்தள சர்வர் நின்றால் மென்பொருளும் நின்றது. சர்வரே வேண்டாம், செயலிக்குள்ளேயே ஒரு நூலகமாக இருக்கட்டும், தரவு முழுவதும் வட்டில் ஒரே கோப்பாக இருக்கட்டும் என்று அவர் எடுத்த முடிவிலிருந்துதான் இதன் வலிமையும் தொல்லையும் சேர்ந்தே வருகின்றன. இன்று ஆண்ட்ராய்டு, ஐபோன், குரோம், ஃபயர்பாக்ஸ் எல்லாவற்றிலும் இது உள்ளே இருக்கிறது. கைப்பேசியில் வாட்ஸ்அப் செய்திகள் சேர்வதும் எஸ்கியூலைட் கோப்பில்தான். நிறுவ வேண்டியதில்லை, கடவுச்சொல் இல்லை, பொதுக்களத்தில் விடப்பட்டது என்பதால் உரிமக் கட்டணமும் இல்லை. மூல நிரலைப் போல 590 மடங்கு அளவுக்குச் சோதனை நிரல் எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது இதன் உருவாக்குநர்களே தரும் கணக்கு. இத்தனை சோதனை செய்த பொருளில் நாம் சந்திக்கும் தொல்லை, பெரும்பாலும் நிரலில் உள்ள ஓட்டையால் வருவதில்லை. சர்வர் செய்துவந்த வேலை யார் தலையில் இறங்கியிருக்கிறது என்று நாம் கவனிக்காததால் வருகிறது.

பூட்டிலிருந்தே தொடங்கலாம். ஒரு கோப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது எஸ்கியூலைட்டின் அடிப்படை விதி. பழைய ஜர்னல் முறையில், ஒருவர் எழுதி முடிக்கும் கட்டத்தில் படிப்பவர்களும் காத்திருக்க வேண்டும். 2010இல் 3.7.0 பதிப்பில் வந்த வால் முறை, அதாவது மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் முறை, இதைத் தளர்த்தியது: ஒருவர் எழுதும்போதே மற்றவர்கள் படிக்கலாம். எழுதுபவர் மட்டும் அப்போதும் ஒருவர்தான். சர்வராக இருந்தால் இரண்டாமவரை வரிசையில் நிற்க வைத்திருக்கும். இங்கே வரிசையை ஒழுங்குபடுத்த ஆளில்லை. காத்திருப்பு நேரத்தை நாம்தான் சொல்ல வேண்டும். சி மொழி நூலகத்தில் அதன் இயல்புநிலை பூஜ்யம், ஒரு நொடிகூடக் காத்திருக்காது. பைத்தானின் தொகுதி தன் பங்குக்கு 5 நொடி வைக்கிறது. அதனால்தான் ஒரே கோப்பு ஒரு மொழியில் ஒழுங்காகவும் இன்னொன்றில் முரண்டு பிடிப்பதாகவும் தோன்றுகிறது.

காத்திருப்பு நேரத்தை 30 நொடியாக உயர்த்தியும் பிழை உடனே வருகிறது என்று பலர் குழம்புவதுண்டு. காரணம் டிரான்சாக்‌ஷன் தொடங்கும் விதத்தில் இருக்கிறது. வெறும் ‘பிகின்’ என்றால் எஸ்கியூலைட் எந்தப் பூட்டையும் எடுப்பதில்லை. முதல் செலக்ட் வரும்போது படிப்பதற்கான பூட்டு, முதல் இன்சர்ட் வரும்போது எழுதுவதற்கான பூட்டு. நீங்கள் படித்ததற்கும் எழுதப்போவதற்கும் இடையில் இன்னொருவர் எழுதி கமிட் செய்துவிட்டால், வால் முறையில் நீங்கள் படித்த நிலை பழையதாகிவிட்டது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பழையது புதிதாகாது என்பதால் எஸ்கியூலைட் காத்திருக்காமலே மறுக்கிறது. இது மிகச் சரியான மறுப்பு. கையிருப்பு 10 என்று படித்தவர், அது 3 ஆகிவிட்டது தெரியாமல் 9 என்று எழுதுவதைத் தடுக்கிறது. எழுதப்போகும் டிரான்சாக்‌ஷனை ‘பிகின் இம்மீடியட்’ என்று தொடங்கினால் எழுதும் பூட்டு முதலிலேயே கைக்கு வரும், காத்திருப்பு நேரமும் வேலை செய்யும். பூட்டு பற்றிய புகார்களில் கணிசமானவை இந்த ஒரு சொல்லில் தீரும். மீதியில் பல, யாரோ டிபி பிரவுசர் என்ற கருவியில் ஒரு வரியைத் திருத்திவிட்டு மாற்றங்களைச் சேமிக்காமல் சன்னலைத் திறந்தே வைத்திருப்பதாலும், டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு நிரல் இணையத்தில் பதிலுக்காகக் காத்திருப்பதாலும் வருபவை.

மெதுவாக எழுதுகிறது என்ற புகாரும் இதே குடும்பம்தான். ஒவ்வொரு கமிட்டிலும் தரவு வட்டில் இறங்கிவிட்டதா என்று உறுதிசெய்த பிறகே அது திரும்புகிறது. ஆயிரம் இன்சர்ட்டுகளை ஆயிரம் டிரான்சாக்‌ஷனாகச் செய்தால் அந்த உறுதிப்பாட்டுக்கு ஆயிரம் முறை விலை கொடுக்கிறோம். ஒரே டிரான்சாக்‌ஷனில் கட்டினால் சாதாரண மேசைக்கணினியிலேயே நொடிக்கு 50,000 இன்சர்ட்டுகளைத் தாண்டும்.

இனி மௌனமான பக்கம். தொகை என்ற நெடுவரிசையை இன்டிஜர் என்று அறிவித்துவிட்டு, அதில் ‘1,250’ என்று காற்புள்ளியோடு ஒரு சரத்தைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான தரவுத்தளங்கள் மறுக்கும். எஸ்கியூலைட் அதை எண்ணாக மாற்ற முயன்று, முடியாததால் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். அதன் பிறகு நடப்பதைப் பார்த்தால் இது எவ்வளவு ஆபத்தானது என்று புரியும். எண்ணையும் எழுத்தையும் ஒப்பிடும்போது எழுத்துதான் எப்போதும் பெரியது என்பது எஸ்கியூலைட்டின் விதி. ஆகவே தொகைப்படி இறங்குவரிசையில் அடுக்கினால், ஐந்து இலட்சத்துக்கும் மேலே இந்த ‘1,250’ வந்து உட்காரும். ஆனால் அதையே கூட்டல் கணக்கில் சேர்த்தால், தொடக்கத்தில் உள்ள எண் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு 1 என்று மதிப்பிடும். ஒரே மதிப்பு ஒரு வினவலில் எல்லாவற்றிலும் பெரியது, இன்னொன்றில் ஒரு ரூபாய். இரண்டிலும் பிழை வராது. பூட்டு பற்றிய செய்தி வந்த அன்றே சரிசெய்துவிடுவோம். இது தெரியவரும் நாளில் எத்தனை மாதக் கணக்கு தப்பாகப் போயிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதே போக்கில் இன்னும் சில உண்டு. அந்நிய விசை உறவை அட்டவணையில் எழுதிவைத்தாலும், ஒவ்வொரு இணைப்பிலும் ‘பிராக்மா ஃபாரின் கீஸ்’ ஆணையை இயக்காவிட்டால் அது வெறும் அலங்காரம். இல்லாத வாடிக்கையாளருக்கு ரசீது எழுதலாம். நீளம் 10 என்று அறிவித்த வார்கேரில் ஒரு நாவலையே போடலாம். இன்டிஜர் அல்லாத முதன்மை விசையில் வெறுமை மதிப்பு நுழையும். ஆரம்பகாலப் பிழை ஒன்றை நம்பிப் பல செயலிகள் எழுதப்பட்டுவிட்டதால் அது அப்படியே விடப்பட்டது. நெடுவரிசையின் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் எழுத்துப்பிழையோடு எழுதினால், அப்படி ஒரு நெடுவரிசை இல்லை என்று சொல்லாமல் அதை ஒரு சாதாரணச் சரமாக எடுத்துக்கொள்ளும். இந்தக் கடைசி வழக்கம் தவறு என்று எஸ்கியூலைட் ஆவணங்களே ஒப்புக்கொள்கின்றன. 2023இல் வந்த 3.41.0 பதிப்பிலிருந்து கட்டளைவரிக் கருவியில் அதை அணைத்தும் வைத்திருக்கிறார்கள்.

நெகிழ்வான வகை ஒரு வசதி, குறை அன்று என்பது உருவாக்குநர்களின் வாதம். தனிப் பக்கமே எழுதி அதை நியாயப்படுத்தியிருக்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒழுங்கற்ற சிஎஸ்வி கோப்பை முதலில் உள்ளே இழுத்துவிட்டுப் பிறகு சுத்தம் செய்யவும், ஒரே நெடுவரிசையில் பலவகை அமைப்புகளைச் சேமிக்கவும் இந்தத் தாராளம் உதவுகிறது. ஆனால் அந்த உதவி தேவைப்படுபவர் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். பணக்கணக்கு எழுதுபவர், தான் கேட்காத தாராளத்தைத் தேடிப்பிடித்து அணைக்க வேண்டியிருப்பதுதான் தவறு. பழைய கோப்புகள் உடையக் கூடாது என்பது இன்னும் வலுவான மறுப்பு. 2004இல் வந்த மூன்றாம் பதிப்பின் கோப்பு இன்றும் திறக்கிறது, 2050 வரை ஆதரவு தருவோம் என்று உறுதி சொல்கிறார்கள். இந்த வாக்கை நான் பெரிதும் மதிக்கிறேன். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் நெடுங்காலச் சேமிப்புக்குப் பரிந்துரைக்கும் வடிவங்களில் எஸ்கியூலைட் இடம்பெறுவதற்கு இந்த நிலைத்தன்மையும் காரணமாக இருக்க வேண்டும். ஆனால் பழைய கோப்பைக் காப்பது ஒன்று, இன்று பிறக்கும் கோப்பையும் பழைய வழக்கத்துக்குக் கட்டுவது வேறொன்று. 2021 நவம்பரில் 3.37.0 பதிப்போடு வந்த ‘ஸ்ட்ரிக்ட்’ அட்டவணை, இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு அவர்களே தந்த சான்று. அட்டவணையை உருவாக்கும் வரியின் முடிவில் அந்த ஒரு சொல்லைச் சேர்த்தால் ‘1,250’ உள்ளே வராது. முந்தைய பதிப்புகள் இயங்கும் பழைய கைப்பேசிகளில் அந்தக் கோப்பு சாதாரணமாகத் திறக்காது என்பதை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும். அங்கே, உள்ளே வரும் மதிப்பின் வகையைச் சோதிக்கும் செக் நிபந்தனை ஒன்றை நெடுவரிசையில் எழுதிவிடலாம்.

தமிழ்த் தரவை வைத்திருப்பவர்களுக்கு இந்த மௌனம் இன்னும் கூடுதலாக வலிக்கும். முழுஉரைத் தேடலுக்கான எஃப்டிஎஸ்5 பிரிவு, உரையைச் சொற்களாக வெட்டும்போது இயல்பாக எழுத்து, எண் போன்ற யூனிகோட் வகைகளை மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. தமிழின் கால், கொம்பு, புள்ளி எல்லாம் சார்ந்து வரும் குறிகள் என்ற வேறு வகையில் இருப்பதால், அவை இடைவெளியைப் போல நடத்தப்படுகின்றன. ‘பாட்டு’ என்ற சொல் ப, ட, ட என்று மூன்று துண்டாகிறது. ‘பெட்டி’, ‘பூட்டு’, ‘பாட்டி’ ஆகியவையும் அதே மூன்று துண்டுகள்தான். ஆகவே பாட்டைத் தேடினால் பெட்டியும் பூட்டும் பாட்டியும் சேர்ந்து வரும். பத்து வரி மாதிரித் தரவில் சோதிப்பவர் கண்ணில் இது படாது, தேடியது கிடைத்துவிடுகிறது அல்லவா? தேடல் அட்டவணையை உருவாக்கும்போது டோக்கனைசர் அமைப்பில் எம்என், எம்சி என்ற இரண்டு யூனிகோட் வகைகளையும் சேர்த்துச் சொன்னால் சொல் சொல்லாகவே நிற்கும். தமிழ்ச் செயலி எழுதும் ஒவ்வொருவரும் முதல் நாளே செய்ய வேண்டிய மாற்றம் இது.

அகரவரிசையும் அப்படித்தான். எஸ்கியூலைட் இயல்பாகப் பைட் வரிசையில்தான் அடுக்கும். யூனிகோடில் ன, ந-வுக்கு அடுத்து நிற்கிறது. ற, ர-வுக்கு அடுத்து நிற்கிறது. புள்ளியோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. அதனால் அகராதியில் ‘கவி’க்குப் பின்னால் வர வேண்டிய ‘கனி’ முன்னால் வந்துவிடும். ‘கணக்கு’க்கு முன்னால் வர வேண்டிய ‘கண்’ பின்னால் போய்விடும். வாக்காளர் பட்டியலோ நூலகப் பட்டியலோ இப்படி அச்சானால் தேடுபவருக்குப் பெயர் கிடைக்காது. இதற்கு ஐசியூ நீட்சியைச் சேர்த்து நூலகத்தைக் கட்ட வேண்டும், அல்லது தமிழ் வரிசைக்கான ஒப்பீட்டுச் செயல்கூறை நாமே எழுதிப் பதிவுசெய்ய வேண்டும். பைத்தானில் அது சில வரி வேலை. இன்னொரு கண்ணி, ‘கோ’ என்பதை ஓகாரக் குறி ஒன்றாகவும், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுத முடியும் என்பது. திரையில் இரண்டும் ஒன்று, எஸ்கியூலைட்டுக்கு இரண்டும் வேறு. யூனிக் நிபந்தனை இருந்தாலும் ஒரே ‘கோமதி’ இரண்டு முறை பதிவாவார். உள்ளே அனுப்பும் முன்பே யூனிகோட் சீர்மைப்படுத்தலைச் செய்துவிடுவதுதான் வழி.

இத்தனை கவனம் தேவையென்றால் போஸ்ட்கிரெஸ்ஸுக்கே போய்விடலாமே என்று கேட்கலாம். பல கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் பலர் எழுதும் வேலையென்றால் தயங்காமல் போக வேண்டும். வால் முறை ஒரே கணினியின் பகிர்வு நினைவகத்தை நம்பி நடப்பதால், பிணையத்தில் பகிர்ந்த கோப்புறையில் கோப்பை வைத்துப் பல கணினிகளிலிருந்து திறப்பது தரவைப் பணயம் வைக்கும் செயல். ஆனால் ஒரு கடைக் கணக்கு, ஒரு கைப்பேசிச் செயலி, ஒரு ஆய்வாளரின் தரவுத்தொகுப்பு, நடுத்தர அளவு இணையதளம் ஆகியவற்றுக்கு ஒரு சர்வரைப் பராமரிப்பதென்பது கடவுச்சொல், பதிப்பு உயர்வு, நினைவகம், இரவில் நின்றுபோனால் எழுப்பிவிட ஆள் என்று நீளும் செலவு. எஸ்கியூலைட் கேட்கும் கவனம் பெரும்பாலும் தொடக்கத்தில் ஒருமுறை. இணைப்பைத் திறக்கும் செயல்கூறு ஒன்றை எழுதி அதில் வால் முறை, காத்திருப்பு நேரம், அந்நிய விசை மூன்றையும் வைத்துவிட்டு, அட்டவணைகளை ஸ்ட்ரிக்டாக உருவாக்கினால் மேலே சொன்ன கண்ணிகளில் பெரும்பாலானவை மூடிக்கொள்ளும்.

பேக்கப் மட்டும் தொடர்ந்து கவனம் கேட்கும். செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால், வால் கோப்பில் இன்னும் இருக்கும் அண்மைய மாற்றங்கள் நகலில் வராது. நகல் ஒழுங்காகத் திறக்கவும் கூடும், பிழையும் காட்டாமல் போகலாம், இன்று காலை எழுதியது மட்டும் அதில் இருக்காது. 2019இல் 3.27.0 பதிப்பில் வந்த ‘வேக்யூம் இன்டு’ ஆணையோ கட்டளைவரியின் பேக்கப் ஆணையோ முழுமையான நகலைத் தரும். எடுத்த நகலை வேறு இடத்தில் திறந்து, ‘இன்டெக்ரிட்டி செக்’ ஓட்டி, கடைசியாக எழுதிய பதிவு அதில் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். பழுது இல்லை என்று சொல்லத்தான் அந்தச் சோதனைக்குத் தெரியும். இன்றைய ரசீது விடுபட்டிருப்பதைக் கண்டுபிடிப்பது நம் வேலை.