‘ஓடு’ என்னும் வினையும் ஆங்கிலச் சாயல் என்னும் ஐயமும்

ஆங்கிலத்தில் ‘ரன்’ என்னும் வினை வடிவால் மிகச் சிறியது. பொருட்பரப்பாலோ மிகப் பெரியது. ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் ஆசிரியர்கள் இவ்வொரு வினைக்கு மட்டும் அறுநூற்றுக்கு மேற்பட்ட பொருள் வேறுபாடுகளை வகுத்துள்ளனர். ஆறும் குதிரையும் பொறியும் கடையும் சாலையும் தேர்தல் வேட்பாளரும் அம்மொழியில் ‘ஓடுவதாகவே’ சொல்லப்படும். தமிழில் இதற்கு நேராக நிற்பது ‘ஓடு’ என்னும் வினை. அதுவும் பல பொருள்களைத் தாங்கி வழங்குகின்றது. இவ்வொப்புமையே ஓர் இடரை விளைத்துவிட்டது. ‘கடை நன்றாக ஓடுகிறது’, ‘குடும்பத்தை ஓட்டுகிறார்’, ‘படம் நூறு நாள் ஓடிற்று’ என்பன போன்ற தொடர்களைக் கண்ட அளவிலே, இவை ஆங்கிலத்தின் நிழல் எனக் கொண்டு விலக்குவார் உளர். இக்கொள்கை எவ்வளவிற்குப் பொருந்தும் என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சியில் யாம் புகுந்தமைக்குக் காரணம் எம் பிழை ஒன்றே. முதுகலை மாணவர் ஒருவர், பொருநையாறு கடலோடு கலக்கும் பகுதியில் அமைந்த ஆத்தூர், கொற்கை, புன்னைக்காயல் ஆகிய ஊர்களின் பேச்சுவழக்கைத் தொகுத்து எம்மிடம் ஓர் ஏடு அளித்தார். முன்னுரையில் வ. உ. சிதம்பரனாரைப் பற்றி எழுதுமிடத்து, ‘தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டினார்’ என்று குறித்திருந்தார். யாம் ‘ஓட்டினார்’ என்பதை அடித்து, ‘கப்பல் போக்குவரத்தை நடத்தினார்’ எனத் திருத்தி, ஓரத்தில் ‘ஆங்கிலச் சாயல்’ என்று வரைந்தோம். மறுவாரம் அம்மாணவர் புறநானூற்றின் 66ஆம் பாட்டை விரித்து எம்முன் வைத்தார். மறுமொழி கூற எமக்கு இடமில்லாது போயிற்று.

அப்பாட்டு, வெண்ணிக்குயத்தியார் கரிகாற் பெருவளத்தானை நோக்கிப் பாடியது. அவன் முன்னோன் ஒருவன் பெருங்கடலில் நாவாயை ஓட்டிக் காற்றின் தொழிலைத் தன் ஆட்சிக்குள் அடக்கினான் என்பது அதன்கண் வரும் செய்தி. ஈண்டு ‘ஓட்டி’ என்னும் சொல்லாட்சி நோக்கத்தக்கது. அரசன் சுக்கான் பிடித்தான் என்பது புலவர் கருத்தன்று. கடலில் கலஞ்செல்லும் தொழிலை ஏவியும் ஆண்டும் நடத்தினான் என்பதே கருத்தாம். 1906இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தோற்றுவித்த சிதம்பரனாரும் மாலுமி அல்லர். ஆயினும் நாடு அவரைக் ‘கப்பலோட்டிய தமிழன்’ என்றே போற்றிற்று. 1961இல் வெளிவந்த திரைப்படமும் அப்பெயரையே பூண்டது. இப்பெயரை ஆங்கிலத்தின் படி எனல், புறநானூற்றை மறந்தார் கூற்றேயாகும். அவருள் யாமும் ஒருவராயிருந்தோம்.

திருக்குறளும் இதற்குச் சான்று தருகின்றது. இடனறிதல் என்னும் அதிகாரத்தின் ஆறாம் குறள் (496), தேர்க்குரிய இடம் நிலம் என்றும் நாவாய்க்குரிய இடம் கடல் என்றும் பிரித்துக் காட்டி, அவ்விரண்டன் செலவையும் ‘ஓடு’ என்னும் ஒரே வினையால் குறிக்கின்றது. காலால் விரைதலே ‘ஓடு’ என்பதன் பொருளாயின், காலில்லாத கலத்திற்கு அது பொருந்தாது. ஆகவே தடையின்றி முன்னோக்கிச் செல்லுதல் என்னும் விரிந்த பொருள் அக்காலத்திலேயே இவ்வினைக்கு அமைந்துவிட்டது எனக் கொள்ளக் கிடக்கின்றது. தேரோட்டம், வெள்ளோட்டம், நீரோட்டம் என்னும் தொகைச்சொற்களும் இவ்வழி வந்தனவே.

இனி, இலக்கண நெறியால் நோக்குவாம். ஆங்கிலத்தில் ‘ரன்’ என்னும் ஒரு வடிவே தன்வினையாகவும் பிறவினையாகவும் நிற்கும். தமிழிலோ ஓடு, ஓட்டு என வடிவு வேறுபடும். ஆடு – ஆட்டு, கூடு – கூட்டு, வாடு – வாட்டு என்பனவும் அத்தகையன. இவ்வேறுபாடு பொருள் வளர்ச்சிக்கும் வழிகாட்டுகின்றது. ஏர் ஓட்டுதல், மாடு ஓட்டுதல், வண்டி ஓட்டுதல் என்பன உழவர் வழக்கு. இழுக்க இயலாத பாரத்தையும் எவ்வாறேனும் முன்செலுத்துதல் என்னும் கருத்து அவற்றினின்று கிளைத்துக் ‘காலத்தை ஓட்டுதல்’, ‘குடும்பத்தை ஓட்டுதல்’ என விரிந்தது. இத்தொடர்களில் உள்ள துன்பக் குறிப்பு கருதத்தக்கது. செல்வர் குடும்பம் ‘நடத்துவர்’. வறியர் குடும்பம் ‘ஓட்டுவர்’. நிறுவனத்தை நிருவகித்தல் என்னும் ஆங்கிலப் பொருளில் இக்குறிப்பு இல்லை. பொருள் ஒத்தது போலத் தோன்றினும் உணர்ச்சி ஒவ்வாமையின், ஒன்று மற்றொன்றன் மொழிபெயர்ப்பு ஆகாது.

உலக வழக்கும் இம்முடிவையே வலியுறுத்தும். வெற்றிலைக்குப் பெயர்பெற்ற ஆத்தூரில் பழக்கம் நெஞ்சில் ஊன்றியதை ‘வேரோடிப் போயிற்று’ என்பர். திகைத்தாரைக் ‘கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை’ என்பர். எண்ணம் செயலற்றவழிப் ‘புத்தி ஓடவில்லை’ என்பர். இவற்றை ‘ரன்’ என்னும் வினையால் ஆங்கிலத்தில் ஆக்குதல் இயலாது. மறுதலையாக, ஆங்கிலத்தில் ‘ஓடும்’ மூக்கு தமிழில் ஒழுகும். ஆங்கிலத்தில் ஓடும் சாலை தமிழில் செல்லும். வேட்பாளர் ஓடார், நிற்பார். இவ்வினையின் பொருள்களைத் தமிழர் ஆங்கிலத்தினின்று கடன் கொண்டனராயின், இவற்றுள் சிலவேனும் உடன் வந்திருத்தல் வேண்டும். கடற்கரை மீனவர் கடலின் நீரோட்டத்தை ‘நீவாடு’ எனத் தமக்குரிய சொல்லால் வழங்குதலும், முத்து, மணி முதலியவற்றின் ஒளியைச் சொல்லுதற்கு ‘நீரோட்டம்’ என்பது வழங்குதலும் ஒருங்கு வைத்து எண்ணத்தக்கன. தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு இறுதியாக நிகழ்ந்தது 1961இல். தொழில் நின்றவழி அதன் சொற்களும் மறைதல் இயல்பாகலின், இவற்றைத் தொகுத்தல் காலந்தாழ்த்தற்குரிய பணியன்று.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஒலி ஒப்புமை கண்டு எல்லாவற்றையும் இவ்வினையின்பாற் படுத்தலும் பிழை. சிப்பியின் ‘ஓடு’ பெயர்ச்சொல், செலவுப் பொருளதன்று. ஓட்டாண்டி என்பதிலுள்ள ‘ஓடு’ இரக்கும் கலம். துறைமங்கலம் சிவப்பிரகாசர் திருச்செந்தில்மீது பாடிய அந்தாதியின் பெயரிலுள்ள ‘நிரோட்டம்’ என்பது இதழ் குவியாமற் சொல்லப்படுவது எனப் பொருள்படும் வடமொழிச் சொல்லின் வழியது. அதனை ‘நீரோட்டம்’ என எழுதி நீரொழுக்கு எனக் கருதினாரும் உண்டு.

அங்ஙனமாயின் ஆங்கிலச் சாயல் என்பதே இவ்வினைக்கண் இல்லையோ எனின், உண்டு. மட்டைப்பந்தில் ‘ஓட்டம்’ எண்ணுதல் வெளிப்படையான மொழிபெயர்ப்பு. ஆட்டமே புதிதாகலின் அது குற்றமாகாது. ‘நீண்ட ஓட்டத்தில்’ என மொழிபெயர்ப்பாளர் சிலர் எழுதுவது தமிழாகாது. ‘நாளடைவில்’ என்பது நிற்க, அது வேண்டப்படுவதும் அன்று. ‘படம் ஓடிற்று’ என்பது இடைநிலையது. படச்சுருள் பொறியில் உண்மையாகவே ஓடிய காலத்தில் எழுந்தது அது. சுருள் ஒழிந்த இக்காலத்தும் சொல் நிற்கின்றது. ஆங்கிலம் அதற்குத் துணைபுரிந்திருக்கலாம். ஆயினும் அதனை ஏற்கும் நிலம் இங்கு முன்னமே பண்பட்டிருந்தது.

இவற்றினும் கூர்ந்து நோக்கவேண்டிய இடம் ஒன்று உளது. அஃது எவரும் ஐயுறாத ‘கண்ணோட்டம்’ என்னும் சொல். திருக்குறளின் 58ஆம் அதிகாரம் அப்பெயருடையது. கண் பிறர்பால் ஓடி இரங்குதலே அங்குப் பொருள். தம்மொடு பழகினார் சொல்லை மறுக்க மாட்டாத நெகிழ்ச்சி எனப் பரிமேலழகர் விளக்குவர். இன்றோ ‘வரலாற்றுக் கண்ணோட்டம்’, ‘ஆசிரியரின் கண்ணோட்டம்’ எனப் ‘பார்வை’, ‘நோக்கு’ என்னும் பொருளில் அச்சொல் வழங்குகின்றது. ஆங்கிலக் கருத்து ஒன்றைத் தமிழில் சொல்ல வேண்டியவழி, கண் செல்லும் போக்கு என்னும் உறுப்புப் பொருளை மட்டும் கொண்டு, இரக்கம் என்னும் உயிர்ப்பொருளை விடுத்தனர். இப்பொருள் தீது என்று யாம் கூறவில்லை. ஆயின், ஒரு தேர்வில் அவ்வதிகாரத்தின் பொருளை வினவியபோது, அரசன் நாட்டை எக்கோணத்தில் நோக்கல் வேண்டும் என்பதே அதன் பொருள் என மாணவர் பலர் விடையெழுதக் கண்டோம். அவர்கள்பால் யாது குற்றம்? அவர்க்குத் தெரிந்த கண்ணோட்டம் அதுவே.

இதனால் போந்த பொருள் யாது? ஆங்கிலத்தின் செல்வாக்கை யாம் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கின்றோம். கடைத்தெருவிலும் கடற்கரையிலும் ஓடும் சொல்லைச் சிவப்பு மையால் அடிக்கின்றோம். தூய தமிழ் உடையணிந்து வகுப்பறைக்குள் வந்த பொருள் மாற்றத்தைக் காணாது விடுகின்றோம். முன்னதால் மொழிக்கு இழப்பில்லை. பின்னதால் ஒரு நூலின் அதிகாரமே பொருள் திரிகின்றது.

ஆதலின், ஒரு தொடரை ஆங்கிலச் சாயல் எனத் தள்ளுமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. ஒன்று, பழைய நூல்களில் அதற்கு ஆட்சி உண்டா என்பது. இரண்டு, தமிழிலேயே அதற்குப் பொருள் வளர்ச்சிப் படிகள் காட்ட இயலுமா என்பது. மூன்று, ஆங்கிலம் அறியாத உழவரும் மீனவரும் அதனை எவ்வாறு வழங்குகின்றனர் என்பது. இம்மூன்றும் இல்லாதவழியே விலக்குதல் முறை. அகராதி தொகுப்பார் ‘கண்ணோட்டம்’ போன்ற சொற்களுக்குப் பொருள்களை நிரலாக அடுக்குதலோடு அமையாது, எப்பொருள் முந்தியது, எது பிந்தியது எனக் குறித்தலும் வேண்டும்.

ஆற்றூர் என்பதே ஆத்தூர் என மருவிற்று. பொருநை ஓடிக் கொணர்ந்த மண்ணால் கொற்கை கடலை விட்டு உள்ளூராயிற்று. இடம் மாறியது கொண்டு கொற்கையைத் துறைமுகம் அன்று என உரைப்பார் இலர்; சொல்லாராய்ச்சியிலும் அப்பொறுமை வேண்டும். அம்மாணவரின் ஏட்டில் யாம் அடித்த சொல்லை யாமே மீண்டும் எழுதிக் கொடுத்தோம். இம்முடிபுகளை அறிஞர் மேலும் ஆய்ந்து, குறையுளதேல் நிறைவு செய்வாராக.