உயிரியலைப் பின்னர் படிக்கலாமா?

பிளஸ் டூவில் வணிகவியல் படித்த ஒருவர் பின்னாளில் டாக்டராக விரும்பினால் என்ன செய்வது? பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரு வகுப்புகளிலும் இயற்பியல், வேதியியல், உயிரியலைச் செய்முறையுடன் தொடர்ந்து பயின்றிருக்க வேண்டும் என்பதே பழைய விதி. 2022இல் நீட் தேர்வுக்கான வயது உச்சவரம்பு நீங்கியது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், இப்பாடங்களைப் பிளஸ் டூவுக்குப் பின் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவரையும் ஏற்றது.

இது வரவேற்கத்தக்கதே. என்ன கற்றார் என்பதே கேள்வி. எந்த வயதில் கற்றார் என்பதன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மெட்ரிகுலேஷனுக்கு வீட்டிலிருந்தே படித்தவர். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

ஆயினும் ஒரு குறை உண்டு. நூல்களை வீட்டில் படிக்கலாம், செய்முறையை? நயினார்கோவில் போன்ற ஊரில் பள்ளியை விட்டு வந்தவர் நுண்ணோக்கியை எங்கே தொடுவார்? வெங்காயத் தோலின் செல்களைத் தம் கண்ணால் காணாமல் படத்தை மனப்பாடம் செய்வது உயிரியல் ஆகாது. இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டுவிட்டது. அதை எட்டும் வழியில் தடையாக நிற்பது பள்ளி ஆய்வுக்கூடத்தின் பூட்டு. விடுமுறை நாட்களில் அதை இவர்களுக்கும் திறந்துவிட்டால்தான் இத்திருத்தம் ஏட்டளவில் நின்றுவிடாமல் பயன் தரும்.